குழாய்க்கு இந்தப் பக்கம்

முள் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கட்டும், நடுங்கினால் நல்லது, நடுங்குகிற முள் என்றால் உள்ளே தண்ணீர் போகிறது, தண்ணீர் போகிறது என்றால் குழாய் முனையிலுள்ள நாசிலைப் பிடித்திருக்கிற கை இன்னும் அதைப் பிடித்திருக்கிறது என்று நாச்சிமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வலது கை எஞ்சினை ஏற்றி இறக்கும் த்ராட்டில் பிடியில், இடது கால் குழாயின் மேல், கண் பிரஷர் மீட்டரில், முதுகு தீயில். முதுகு சுட்டது. தீயணைப்பு வண்டியை எப்போதுமே தீக்கு முதுகு காட்டித்தான் நிறுத்த வேண்டும், அவசரம் என்றால் அப்படியே வெளியே ஓட்டிக்கொண்டு போகலாம். பம்போ வண்டியின் பின்புறம் இருக்கிறது. ஆகையால் பம்பைப் பார்த்து நிற்கிறவனும் தீக்கு முதுகு காட்டித்தான் நின்றாக வேண்டும், இத்தனை வருஷ சர்வீஸில் அவன் முதுகு பார்த்த தீயில் பாதியைக்கூட அவன் கண் பார்த்ததில்லை. இப்போதும் பாருங்கள், பல்லடத்துக்கு வெளியே ஒரு கழிவுப்பஞ்சு குடோன், பேல் பேலாகக் கட்டிய பஞ்சு மூட்டைகள், தகரக் கூரை, மத்தியான வெயில் வேறு, ஊர் முழுக்கக் கூடி நின்று ஐயோ ஐயோ என்கிறது, அவனுக்குத் தெரிவதெல்லாம் ஒரு வட்டக் கண்ணாடியும் அதில் ஒரு முள்ளும்தான். கருகிய திரியின் வாசம் வந்தது. சாயந்தரம் விளக்கை ஊதி அணைத்ததும் வருமே, அதே வாசம், ஆனால் லட்சம் விளக்குகளை ஒன்றாக ஊதியது போல. பெண்டாட்டி கோகிலா ஊதி அணைக்க விடமாட்டாள், பூவால்தான் அணைப்பாள், ஊதினால் ஆகாது என்பாள், இங்கே வந்து இதை எந்தப் பூவால் அணைப்பது என்று அவளைக் கேட்க வேண்டும். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. ஏனென்றால் உள்ளே ஒரு பெண் இருந்தாள். சரசாள் என்று பேர். பஞ்சு பிரிக்கிற வேலை. மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் பின்னறையில் சற்றுக் கண்ணயர்ந்தவள் வெளியே வரவில்லை, மற்றவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். அவளைத் தேடி இருதயராஜும் ஜாபரும் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குழாயை இழுத்தபடி உள்ளே போயிருந்தார்கள். வாசலில் நிலைய அலுவலர் தில்லைநாயகி மேடமும் தண்டபாணியும் நின்று குழாயைத் தள்ளிக் கொடுத்தார்கள். இன்னொரு வண்டி திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது.

முள் சற்றே கீழே சாய்ந்து, எழுந்து, மறுபடி சாய்ந்து எழுந்தது. ஆகா, கதவு. இருதயராஜ் ஒரு கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். திறக்கிறதுக்கு முன்னால் மேலே ஒரு பீய்ச்சு, நிறுத்தம், இன்னொரு பீய்ச்சு, அதுதான் அவன் வழக்கம், மேலே நிற்கிற சூட்டைத் தணித்துவிட்டுத்தான் கதவைத் தொடுவான். நாசிலைத் திறந்தால் முள் இறங்கும், மூடினால் ஏறும், அவ்வளவுதான் கணக்கு, அதை வைத்துக்கொண்டு உள்ளே அவன் என்ன செய்கிறான் என்று இங்கே நின்றபடியே சொல்லிவிடலாம். வாக்கி டாக்கி எதற்கு, அது தகரக் கூரைக்குள் போனதும் கர்ர்ர் என்று இழுக்கிறது, முள் இழுக்கிறதில்லை. முள்தான் பேசுகிறது. வேறு யார் பேசுகிறார்கள், இருதயராஜ் காலையிலிருந்து பேசவில்லையே. எதற்கு? மீன் குழம்புக்கு. ஸ்டேஷனில் முறை வைத்துத்தான் சமையல், இன்றைக்கு இருதயராஜ் முறை, தூத்துக்குடிக்காரன் மீன் குழம்பு வைத்தால் அதில் மீனைத் தேட வேண்டியதில்லை, மிளகாய்க்கு நடுவே அதுவாகத் தென்படும், காலையிலேயே அடுப்பேற்றிவிட்டான். கரண்டியில் ருசி பார்த்துவிட்டு நாச்சிமுத்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான், "ஏப்பா, இதைத் தீ மேல ஊத்துனா தீயே எந்திரிச்சு ஓடிரும்." எல்லோரும் சிரித்தார்கள். இருதயராஜுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "தீயப் பத்தி நீரு பேசாதயும் வே. நீரு என்னிக்குத் தீயக் கண்ணால பாத்திருக்கீரு? வண்டி நிழல்ல நிக்கிற ஆளுக்கு உறைப்பும் தெரியாது, சூடும் தெரியாது." அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள், அதுதான் பொறுக்கவில்லை. வண்டி நிழலாம். தட்டை வைத்துவிட்டு நாச்சிமுத்து எழுந்துவிட்டான். சோறு வேண்டாம் என்று எழுந்தவனை ஒருத்தன் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம், யாரும் உட்கார வைக்கவில்லை, இருதயராஜ் உட்கார வைத்திருக்கலாம். மணி அடித்தது. மணி அடித்தால் குழம்பும் கோபமும் அடுப்பிலேயே நின்றுவிடும், பூட்ஸில் கால் நுழைகிற அந்தக் கணத்தில் எல்லாம் மறந்துவிடும் என்று ட்ரெயினிங்கில் சொல்லிக் கொடுத்தார்கள். மறக்கவில்லை. வரும்போது இருதயராஜ் வண்டியில் பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தான், சிலிண்டர் வாரை இறுக்கினான், ஒரு பேச்சு இல்லை, இறங்கும்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நானும்தான் சொல்லியிருக்கலாம், பார்த்துப் போ என்று சொல்வதற்கு என்ன காசா பணமா. முள் ஒரேயடியாகக் கீழே வந்து நின்று நடுங்கியது. முழுசாகத் திறந்திருக்கிறான். அறைக்குள் போய்விட்டான். நாச்சிமுத்து த்ராட்டிலை ஒரு மயிரிழை ஏற்றினான், எஞ்சின் உறுமல் கூடியது, காலடியில் குழாய் இன்னும் விறைத்தது. இந்தா வாங்கிக்கோ, நீ கேட்டதுக்கு மேல தரேன், நிழலாம் நிழல்.

"ஏனுங், நீங்க என்னங் இங்கயே நின்னுட்டு இருக்கறீங்!" மாரப்பன்தான். சரசாளின் புருஷன், பக்கத்தில் நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லில் வேலை, சட்டைப் பொத்தான் ஒன்றுகூடப் போடாமல் ஓடி வந்தவன், வந்ததிலிருந்து வாசலுக்கும் வண்டிக்கும் அலைந்துகொண்டிருந்தான். வாசலில் தண்டபாணி தள்ளிவிட்டால் இங்கே வருவான். "எம்பட பொண்டாட்டி உள்ள வேகறாளுங். நீங்க மெசின் பக்கத்துல நின்னுட்டு வேடிக்க பாக்கறீங். போங், உள்ள போங்!" நாச்சிமுத்து முள்ளைப் பார்த்தபடியே, "ரெண்டு பேர் போயிருக்காங்கண்ணா, நான் இங்க நின்னாத்தான் அவங்களுக்குத் தண்ணி" என்றான். யார் கேட்கிறார்கள். கூட்டத்தில் ஒருவன், "டிரைவர்ப்பா அவன், அவனுக்கு என்ன தெரியும்" என்று பெரிய நியாயவான் மாதிரி சொன்னான். எவன் அவன், திரும்பிப் பார்த்து வாங்கு வாங்கென்று வாங்கலாம், திரும்பக் கூடாது. டிரைவர். பேப்பரில் போட்டோ வந்தாலும் அப்படித்தான், புகைக்கு நடுவில் நாசில் பிடித்தவன் வருவான், கயிற்றில் தொங்குகிறவன் வருவான், கிணற்றிலிருந்து மேலே வந்த பசு மாடுகூட முழுசாக வரும், நாச்சிமுத்துக்கு ஒருமுறை முழங்கை மட்டும் வந்தது. கோகிலா அதைக் கண்டுபிடித்துவிட்டாள், இது உங்க முழங்கைதானே, தழும்பு தெரியுது பாருங்க என்று தெருவெல்லாம் காட்டினாள், அவனுக்கு மானம் போயிற்று, சந்தோஷமாகவும் இருந்தது. தீ எப்படி இருந்துச்சு என்று ராத்திரி கேட்பாள். பெரிசா இருந்துச்சு என்பான். வேறென்ன சொல்வது, நீலமாக இருந்ததா பச்சையாக இருந்ததா, அவனுக்கு என்ன தெரியும். கால் ஓடச் சொன்னது. எப்போதும் சொல்வதுதான். நாலு பேர் கத்துகிற இடத்தை நோக்கி ஓடுவதற்குத்தானே இந்த வேலைக்கே வந்தான், ஓடுகிற கால், தாவுகிற கால், தேர்வில் கயிறு ஏறியதில் முதலாவதாக வந்த கால், அதைப் பிடித்து ஒரு குழாயின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பது இருக்கிறதே, உள்ளே போகிறவனுக்கு அது புரியாது. நெருப்புக்குள் நுழைகிறவனைத் தைரியசாலி என்கிறார்கள். நுழையாமல் நிற்பதற்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள்? டிரைவர் என்று வைத்திருக்கிறார்கள். "போங்ங்ங்!" என்று மாரப்பன் அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தான், கழுத்து இறுகியது, நாச்சிமுத்து திரும்பிவிட்டான். ஒரே ஒரு கணம். பொத்தான் போடாத சட்டை, எச்சில் ஒழுகும் வாய், சிவந்த கண், அதற்குப் பின்னால் ஆரஞ்சாக ஏதோ ஒரு பெரிய அசைவு. மறுபடி மீட்டரைப் பார்த்தபோது முள் உச்சிக்குப் போய் அசையாமல் நின்றது.

அசையவில்லை. த்ராட்டிலை இறக்கு, கை தானாக இறக்கியது, இறக்கினாலும் முள் கொஞ்சம் தாழ்ந்து அங்கேயும் அசையாமல் நின்றது. தண்ணீர் போகவில்லை. குழாய்க்கு அந்தப் பக்கம் தண்ணீர் போகவில்லை. ஏன் போகவில்லை? இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, இருதயராஜ் நாசிலை மூடியிருக்கிறான். இன்னொன்று, அந்த இன்னொன்றை நினைக்காதே, நினைத்துத்தான் ஆக வேண்டும், இன்னொன்று, பஞ்சுப் பேல் சரிந்து குழாயின் மேல் விழுந்து நசுக்கியிருக்கிறது, அப்போதும் முள் இப்படித்தான் உச்சிக்குப் போய் நிற்கும், குழாயின் மேல் விழுந்த பேல் குழாயைப் பிடித்திருந்தவன் மேல் விழாமலா இருக்கும். எப்படி ஏறியது? அதைப் பார்த்திருந்தால் போதும். நசுங்கினால் விருட்டென்று ஏறும். மூடினால் மெதுவாக ஏறும், இருதயராஜ் மூடினால் மெதுவாக ஏறும், மற்ற பயல்கள் பட்டென்று மூடுவார்கள், குழாய் துள்ளும், பம்பில் டொம்மென்று அறை விழும், எத்தனை தடவை திட்டியிருக்கிறான், இருதயராஜ் மட்டும் பிள்ளை தூங்குகிற வீட்டில் குழாயைத் திருகுகிறவன் மாதிரி மெல்ல மூடுவான். மெதுவாக ஏறியதா, விருட்டென்று ஏறியதா? பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே நின்றேன், பார்க்க வேண்டிய அந்த ஒரு கணத்தில் சட்டையைப் பார்த்தேன், பொத்தானைப் பார்த்தேன். மெதுவாகவா, விருட்டென்றா. மாரப்பா, நீ நல்லா இருப்பே, ஒரு மூச்சு கழித்து இழுத்திருக்கக் கூடாதா. இல்லை, அவனைச் சொல்லி என்ன, அவன் பொண்டாட்டி உள்ளே இருக்கிறாள், என் பொண்டாட்டி இருந்தால் நான் சட்டையைப் பிடித்திருக்க மாட்டேன், கழுத்தையே பிடித்திருப்பேன். மெதுவாகவா, விருட்டென்றா. வாசலிலிருந்து மேடத்தின் குரல் வந்தது, "நாச்சிமுத்து! குழாய் இங்க கல்லு மாதிரி நிக்குது. என்ன ஆச்சு? மூடியிருக்காங்களா, மாட்டியிருக்கா? சொல்லுங்க, நான் உள்ள போகணுமா?" சொல்ல வேண்டும். அவன்தான் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. மாட்டியிருக்கிறது என்றால் மேடமும் தண்டபாணியும் இப்போதே உள்ளே ஓடுவார்கள். அந்தப் பேல்களுக்கு நடுவில் ஓர் ஆள் போகிற வழிதான் இருக்கிறது. அந்த வழியில் இருதயராஜ் ஆளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தால் இருட்டில் முட்டிக்கொண்டு நாலு பேரும் அங்கேயே நிற்பார்கள், பஞ்சு நிற்காது. மூடியிருக்கிறது என்று சொல்லி, அங்கே அவன் பேலுக்கு அடியில் கிடந்தால்? காற்று சிலிண்டர் எவ்வளவு நேரத்துக்கு வரும். மீன் குழம்பு. அடுப்பில் இன்னும் இருக்கும். அதை யார் சாப்பிடுவது.

கால். கால் எங்கே இருந்தது? கண்தான் சட்டையைப் பார்த்தது, கால் குழாயை விட்டு எடுக்கவில்லையே, இழுத்த இழுப்பில் உடம்பு திரும்பியது, கழுத்து திரும்பியது, இடது கால் திரும்பவில்லை, பூட்ஸுக்கு அடியில் குழாய் இருந்தது, இருந்துகொண்டே இருந்தது. கால் என்ன பார்த்தது? நாச்சிமுத்து கண்ணை மூடவில்லை, மூட முடியாது, முள்ளைப் பார்த்தபடியே மனசை மட்டும் பாதத்துக்கு இறக்கினான். மாரப்பன் இழுக்கிறான். கழுத்து இறுகுகிறது. பாதத்துக்கு அடியில் குழாய் துடிக்கிறது, துடிக்கிறது, துடிப்பு குறைகிறது, குறைந்து, குறைந்து, நிற்கிறது. துள்ளவில்லை. அடி விழவில்லை. பம்பில் டொம் இல்லை, எஞ்சின் திணறவில்லை, நசுங்கியிருந்தால் பூட்ஸைத் தூக்கி அடித்திருக்குமே, முன்னொரு தடவை குழாய் மேல் லாரி ஏறியபோது ஆளையே தள்ளியதே. மெல்ல நின்றது. பிள்ளை தூங்குகிற வீட்டில் நிறுத்துகிற மாதிரி நின்றது. அப்படி என்றால் மூடியிருக்கிறான். அவனே மூடியிருக்கிறான். விழுகிறவன் மூடிவிட்டு விழமாட்டான். சரி, ஏன் மூடினான், நாசிலைக் கையை விட்டு விடாதே, அது தண்ணீர் மட்டுமில்லை, திரும்பி வருகிற வழியும் அதுதான் என்று புதுசாக வருகிறவனுக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவன் ஆயிற்றே அவன், சுற்றிலும் எரியும்போது தண்ணீரை மூடிக் கீழே வைப்பானா? வைப்பான். கை வேண்டும் என்றால் வைப்பான். அவன் கையும் வேண்டும், ஜாபர் கையும் வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து தூக்க வேண்டியது ஒன்று கிடைத்துவிட்டால் வைப்பான். "மேடம்!" என்று நாச்சிமுத்து கத்தினான், அவன் குரல் அவனுக்கே புதுசாக இருந்தது. "அவனேதான் மூடியிருக்கான்! மாட்டலை! ஆள் கெடச்சிருச்சு மேடம், தூக்கிட்டு வராங்க! வழிய உட்டு நில்லுங்க, உள்ள போவாதீங்க!" வாசலில் மேடம் "தண்டபாணி, ஓரமா வா" என்றது கேட்டது. நம்பிவிட்டார். மாரப்பனின் கை சட்டையை விட்டது. "கெடச்சிட்டாளாங்?" என்றான். "கெடச்சிட்டாங்கண்ணா." "உசுரோடயா?" அதை முள் சொல்லவில்லை. இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது என்றால் நடக்கவில்லை, நடக்கவில்லை என்றால், "வருவாங்கண்ணா, இருங்க" என்றான் நாச்சிமுத்து.

இருப்பது. அதைத்தான் ஆயுசு முழுக்கச் செய்திருக்கிறான், இப்போது முடியவில்லை. தண்ணீர் இல்லாத அந்த அறையில் இப்போது பஞ்சு என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும், முதுகில் ஏறுகிற சூடு அதைத்தான் சொன்னது, சட்டை முதுகோடு ஒட்டிக் காய்ந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால்? கால் பொய் சொல்லியிருந்தால்? மரத்துப்போன காலாக இருந்தால், ஆசைப்பட்டதைக் கால் மேல் ஏற்றிச் சொல்லியிருந்தால், ஒரு ஊரையே கையைக் கட்டி நிற்க வைத்து ரெண்டு சிநேகிதர்களைக் கொன்றவன் ஆவான், இல்லை மூன்று பேரை, மாரப்பனையும் சேர்த்தால் நாலு. மேடம் இப்போதுகூடப் போகலாம், கத்தவா, போங்க மேடம் என்று கத்தவா, நாக்கு நுனியில் இருந்தது. தூத்துக்குடிக்கு யார் போன் பண்ணுவது. அவன் பெண்டாட்டி எஸ்தர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூக்குப்போணியில் முறுக்கு அனுப்புவாள், நாச்சி அண்ணனுக்குக் காரம் போடாமத் தனியா சுட்டது என்று சொல்லி அனுப்புவாள், அதை அவனே ஏந்திக்கொண்டு வருவான். இருதயம், உன் குழம்பைக் குண்டானோடு குடிக்கிறேன். குடித்துவிட்டு ஒரு வாரம் படுத்துக்கொள்கிறேன். வா. பாதத்துக்கு அடியில் என்னவோ இடித்தது. லேசாக. விறைத்து நிற்கிற குழாயை எங்கோ தூரத்தில் ஒருவன் காலால் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. நாச்சிமுத்து மூச்சை நிறுத்தினான். மறுபடி. இடது பக்கம் ஒரு உரசல், ஒரு சின்ன உருளல், மறுபடி ஒரு இடி. கையில் ஆள், கண்ணில் புகை, வழி தெரியாது, தெரிய வேண்டாம், பூட்ஸைக் குழாயோடு உரசிக்கொண்டே வந்தால் போதும், குழாய் வாசலுக்குத்தான் வரும், வாசலுக்கு வந்தது என்னிடம் வரும். அவர்கள் நடக்கிறார்கள். என் காலுக்கு அடியில் நடக்கிறார்கள். பத்து மாசத்துப் பிள்ளை உள்ளிருந்து உதைத்தபோது கோகிலா இப்படித்தான் அவன் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். "வராங்க," என்றான் நாச்சிமுத்து, யாரிடம் என்று இல்லாமல், "வராங்க, வராங்க, வராங்கடா!"

அப்புறம்தான் ஊர் கத்தியது. ஊருக்கு எப்போதும் கொஞ்சம் தாமதம்தான். ஓவென்று ஒரு சத்தம் முதுகில் வந்து மோதியது, மாரப்பன் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான், யாரோ தண்ணி தண்ணி என்றார்கள், விலகுங்க காத்து வரட்டும் என்றார் மேடம். பிறகு எல்லாச் சத்தமும் அடங்கிற்று. அந்த அடங்கல்தான் கொடுமை. ஆளைத் தரையில் கிடத்தினால்தான் கூட்டம் இப்படி வாயை மூடும். நாச்சிமுத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான், கழுத்து வலித்தது, திரும்பு திரும்பு என்று வலித்தது, ஒருமுறை திரும்பியது போதும், இனி எமனே வந்து சட்டையைப் பிடித்தாலும் திரும்புவதில்லை. காது மட்டும் பின்னால் போய் அந்தத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒரு இருமல். கரகரவென்று, நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு, அசிங்கமாக, பொம்பளை இருமல், அதைத் தொடர்ந்து இன்னொன்று, அப்புறம் நிற்காமல் இருமல். உலகத்தில் இதைவிட நல்ல சத்தத்தை அவன் கேட்டதில்லை. இருமும்மா. நல்லா இருமு. ஊர் மறுபடி கத்தியது, விசில் அடித்தது, மாரப்பன் ஓங்கி அழுதான், அந்த அழுகைக்கு நடுவே பொசுங்கிப்போன ஒரு குரல், "ஏனுங், கத்தாதீங்... ஊரே பாக்குது... மொதல்ல அந்தச் சேலைய இழுத்து உடுங்" என்றது. நாச்சிமுத்து சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை, வழியட்டும், தண்ணீர் கொடுப்பதுதானே வேலை. ஜெயித்துவிட்டோம். நசுங்கவில்லை, நசுங்கவில்லை, அவனேதான் மூடினான், மெல்ல மூடினான், நான் சொன்னேன், நான்தான் சொன்னேன், எவன்டா டிரைவருக்கு என்ன தெரியும் என்றவன், இப்ப வாடா, வந்து சொல்லு!

"நாச்சிமுத்து." மேடம் பக்கத்தில் வந்து நின்றார், மூக்கு நுனி வரைக்கும் கரி. "அந்தம்மா பேசுது. உங்கள எல்லாரும் கேக்கறாங்க. ஒரு நிமிஷம் த்ராட்டில நான் பிடிச்சுக்கறேன், திரும்பிப் பாருங்க." கையை நீட்டிவிட்டார். அதற்குள் அவருக்குப் பின்னால், குடோன் வாசலிலிருந்து, முகமூடியைத் தூக்கிக்கொண்டு கத்துகிற மாதிரி ஒரு கரகரத்த குரல் வந்தது. "வே நாச்சி! நாசில உள்ளயே போட்டுட்டு வந்துட்டோம், எடுக்கப் போறேன்! பாத்துக் குடும் வே, எடுத்த எடுப்புல என்னத் தூக்கி அடிச்சிராதயும்!" பேசிவிட்டான். காலையிலிருந்து முதல் பேச்சு. பூட்ஸ் சத்தம் உள்ளே போய் மறைந்தது, பாதத்துக்கு அடியில் குழாய் லேசாக உருண்டது, ஒரு இடி, ஒரு உரசல், ஒரு இடி.

"வேண்டாம் மேடம்," என்றான் நாச்சிமுத்து. "அவன் உள்ள இருக்கான்." மேடம் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார், போகவில்லை, அவரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு அவன் தோளோடு நின்றார். இருவருமாகப் பார்த்துக்கொண்டிருக்கையில் முள் மெல்ல, மிக மெல்ல, கீழே இறங்கத் தொடங்கியது. நாச்சிமுத்து அது கேட்ட அளவுக்கு எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுத்தான், காலடியில் குழாய் உயிர் வந்து துடித்தது, அந்தப் பெரிய தீக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருக்கிற ஒரு வட்டக் கண்ணாடியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்:

"அடிடா இருதயம்! அடி, நான் இருக்கேன்!"